பாடநூலுக்குள் வந்த சூழலும் வெளியே நின்ற ஊரும்

சில ஆண்டுகளுக்கு முன், இராஜபாளையத்தை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடைபெற்ற சுற்றுச்சூழல் கண்காட்சிக்கு நடுவராக அழைக்கப்பட்டிருந்தோம். தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வி என்னும் கட்டாயத் தாளை எல்லாத் துறையினரும் பங்கிட்டு நடத்துவது வழக்கம். அவ்வகையில் நமக்கும் அத்தகுதி வாய்த்திருந்தது.

கூடத்தில் வரிசையாக மேசைகள். தெர்மாகோலில் செய்த ஓசோன் படலம், உருகும் பனிப்பாறை, புகை கக்கும் அட்டை ஆலை எனப் பல மாதிரிகள். கடைசி மேசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் ஒரேயொரு வரைபடத்தை வைத்துக்கொண்டு நின்றார். தம் ஊர் ஓடை மலையடிவாரத்திலிருந்து கண்மாய்க்கு வந்துசேரும் வழியைக் கையால் வரைந்திருந்தார். கரையிலுள்ள புளியமரங்கள், அய்யனார் கோயில், துவைகல், மடை என ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதப்பட்டிருந்தது. நீல வண்ணத்தில் வந்த ஓடை ஓரிடத்தில் சாம்பல் வண்ணமாக மாறியது. அந்த இடத்துக்கு மட்டும் பெயர் இல்லை.

"இது என்னம்மா?" என்று கேட்டோம். மாணவி தம் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை நம்மைப் பார்த்தார். நாம் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டோம். தேநீர் வேளையில் ஆசிரியை அருகில் வந்து, "அவ அப்பா அங்கதான் சார் வேலை பாக்குறாரு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். முதற்பரிசு ஓசோன் படலத்துக்குப் போயிற்று. மதிப்பெண் இட்டவர்களுள் நாமும் ஒருவர்.

அந்தச் சாம்பல் வண்ணம் இன்றுவரை நம்மை விட்டு அகலவில்லை. சூழலைப் பள்ளியில் கற்பிக்கிறோம், சமூகத்தையும் கற்பிக்கிறோம். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பெயர் எழுதாமல் விடுகிறோம். இது ஓர் ஆசிரியையின் தயக்கமோ ஒரு நடுவரின் கோழைத்தனமோ மட்டுமன்று. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்னிறுத்தி அவ்வரலாற்றைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

இயற்கையையும் சமூகத்தையும் பிரிக்காமல் கற்பிக்க வேண்டும் என்பது அண்மையில் தோன்றிய கருத்தன்று. 1937 அக்டோபரில் காந்தியடிகளின் தலைமையில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு கூடியது. அதனைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வித் திட்டத்தை வகுத்தது. பின்னாளில் ஆதாரக் கல்வி என்று தமிழில் வழங்கிய இத்திட்டம் மூன்று மையங்களைச் சுற்றி அமைந்தது: கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல். நூல் நூற்கும் பிள்ளை அந்த நூலைப் பிடித்துக்கொண்டே பருத்தி விளைந்த மண்ணுக்கும், அதற்குப் பெய்த மழைக்கும், அதனை விற்ற சந்தைக்கும், வாங்கி நெய்தவரின் வீட்டுக்கும் போய்வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கணக்கும் நிலவியலும் வரலாறும் அந்த வழியிலேயே வந்துசேரும் என்று கருதினர்.

இதில் இராஜபாளையத்துக்கு ஒரு தனித்த பொருத்தம் உண்டு. வார்தா மாநாட்டுக்கு முந்தைய ஆண்டில், 1936இல், பி.ஏ.சி. இராமசாமி ராஜா இங்கு இராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலையை நிறுவினார். பருத்தியின் வழியே உலகை அறியலாம் என்று வார்தாவில் பேசப்பட்ட காலத்தில், பருத்தியால் ஒரு நகரம் இங்கே உருமாறிக்கொண்டிருந்தது. இதே ஊரினரான பூ.ச. குமாரசுவாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை ஆட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்த காந்தியர். அவருக்குச் சற்று முன், 1946 முதல் 1949 வரை கல்வியமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்வியில் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். நூற்பாலையும் காந்தியமும் அருகருகே வளர்ந்த இந்த ஊரில், நூலிலிருந்து ஓடைக்கும் ஓடையிலிருந்து ஊருக்கும் செல்லும் ஒரு பாடம் வேரூன்றியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை.

ஏன் நிகழவில்லை என்பதற்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவற்றுள் ஒன்றை நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். 1953இல் இராஜாஜியின் ஆட்சி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெளுப்பும் குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரமும்தான் மிஞ்சும் என்பதைத் தமிழகம் உடனே கண்டுகொண்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. இராஜாஜி பதவி விலகினார். 1954இல் முதலமைச்சரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். நம் பக்கத்து ஊராகிய விருதுநகர்க்காரரின் அந்த முடிவு முற்றிலும் நியாயமானது. இந்த வட்டாரத்தில் படித்து மேலெழுந்த தலைமுறைகள் அதற்குக் கடன்பட்டவை. நாமும் அக்கடனுக்கு உட்பட்டவரே.

எனினும் நியாயமான முடிவுகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. தகப்பன் தொழில் என்பது பள்ளி வாசலுக்கு வெளியே விட்டுவர வேண்டிய ஒன்றாயிற்று. படிப்பது அதிலிருந்து தப்பிப்பதற்காகவே என்பது எழுதாத விதியாயிற்று. தகப்பன் தொழிலைக் கற்பது வேறு, தகப்பன் தொழிலைப் பற்றிக் கற்பது வேறு என்னும் நுண்ணிய வேறுபாடு இந்தக் கொந்தளிப்பில் மறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. முன்னது பிள்ளையைச் சாதிக்குள் கட்டிப்போடும். பின்னதோ, அந்தக் கட்டு எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் காட்டித் தரும். முன்னதைத் தள்ளியபோது பின்னதும் சேர்ந்து போயிற்று.

*

சூழல் மீண்டும் பள்ளிக்குள் நுழைந்தது வேறு வாசல் வழியாக. 1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் மாநாடு நடந்தது. வறுமையையும் சூழலையும் பிரித்துப் பேச இயலாது என்று இந்திரா காந்தி அங்கே வாதிட்டார். 1975இல் பெல்கிரேடிலும், 1977இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஜார்ஜியாவின் திபிலிசியிலும் சூழல் கல்விக்கெனவே கூட்டங்கள் நடந்தன. இயற்கைச் சூழலோடு சமூக, பொருளியல், பண்பாட்டுச் சூழலையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பதே திபிலிசிப் பிரகடனத்தின் சாரம். வார்தாவில் கதரை முன்வைத்துச் சொல்லப்பட்ட ஒன்று நாற்பது ஆண்டுகள் கழித்துப் பன்னாட்டு மொழியில் திரும்பி வந்தது எனலாம்.

இந்தியாவில் 1975இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக் கலைத்திட்டம், தொடக்க வகுப்புகளில் சூழ்நிலையியலைப் பரிந்துரைத்தது. 1976இல் அரசியலமைப்பின் நாற்பத்திரண்டாம் திருத்தம் இயற்கையைக் காப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சூழல் உணர்வு எல்லா வயதினரிடமும் ஊடுருவ வேண்டும் என்றது. கொள்கைகள் இருந்தன, வகுப்பறையில் பெரிய மாற்றம் இல்லை.

மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், சூழலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. திரையரங்குகளில் சூழல் விழிப்புணர்வுப் படத்துண்டுகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்றதும் அதே தீர்ப்புத்தான். ஆணை ஏட்டிலேயே கிடந்ததால் மேத்தா மீண்டும் நீதிமன்றத்தை அணுகினார். 2003 டிசம்பரில் மாதிரிப் பாடத்திட்டம் வகுக்குமாறு ஆணை பிறந்தது. 2004 ஜூலையில் அப்பாடத்திட்டத்தை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்துமாறு நீதிமன்றம் கூறியது. இளநிலைப் பட்ட வகுப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஐம்பது மணி நேரப் பாடம் ஒன்றை வகுத்தளித்தது. இதற்கிடையே 2001இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசியப் பசுமைப் படையைத் தொடங்கி, பள்ளிகளில் சூழல் மன்றங்கள் அமைக்க வழி செய்தது. நாம் நடுவராகச் சென்ற கண்காட்சியும் அத்தகைய மன்றம் ஒன்று நடத்தியதே.

வேறு எந்தப் பாடமும் நீதிமன்ற ஆணையால் இவ்வாறு நாடு முழுவதும் வந்ததாக நமக்கு நினைவில்லை. இதில் பெருமையும் உண்டு, பழுதும் உண்டு. ஆணையால் வந்த பாடம் ஆணைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பாடமாகவும் ஆயிற்று. பாடம் நடத்தப்பட்டதா, நூல் அச்சிடப்பட்டதா, தேர்வு வைக்கப்பட்டதா என்பனவே கேள்விகளாயின. கொட்டாம்பட்டிக்கும் கோகிமாவுக்கும் பொதுவானவற்றையே மாதிரிப் பாடத்திட்டம் சொல்ல முடியும். ஆகவே சிப்கோவும் அமைதிப் பள்ளத்தாக்கும் போபாலும் வந்தன. அவை வர வேண்டியவையே. ஆனால் முடங்கியாறு வரவில்லை.

*

தமிழகத்தின் உயர்நிலை வகுப்புகளில் சூழல் பெரும்பாலும் தனிப்பாடமாக இல்லை. அறிவியலில் மாசு, புவியியலில் வளம், குடிமையியலில் சட்டம் என்று பிரிந்து கிடக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் எல்லாப் பாடங்களிலும் சூழலை ஊடுபாவாக்குவதையே விரும்பியது. நல்ல கருத்துத்தான். ஆனால் ஊடும் பாவும் சந்திக்கும் இடத்தில்தானே துணி உண்டாகிறது? அறிவியல் ஆசிரியர் சோடா உப்பையும் காரத்தையும் சொல்லிக்கொடுப்பார். அது எந்த ஓடைக்குப் போகிறது என்பது புவியியல். அந்த ஓடைக்கரையில் யார் குடியிருக்கிறார்கள் என்பது குடிமையியல். மூன்று ஆசிரியர்கள், மூன்று பாடவேளைகள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மணி அடிப்பதேயில்லை.

நம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே பாடத்துக்குக் குறைவில்லை.

1988 டிசம்பரில் திருவில்லிபுத்தூருக்கு மேற்கேயுள்ள மலைக்காடுகள் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் சில மலைப்பகுதிகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் உயிரினம் இது. செண்பகத்தோப்புப் பக்கம் காலையில் போனால் ஆற்றோர மரங்களில் காணலாம். இவ்வணில் தரைக்கு அரிதாகவே இறங்கும். கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே உணவுக்கும் கூட்டுக்கும் போகும். ஆகவே அதற்குத் தனித்தனி மரங்கள் இருந்தால் போதாது; ஒன்றையொன்று தொடும் மர உச்சிகள் வேண்டும். இடையில் நான்கு மரங்களை வெட்டினால் காடு இருக்கும், அணிலுக்கு வழி இருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வாழிடத் துண்டாக்கத்தை விளக்க இதைவிட எளிய சான்று உண்டா? அணில் அடிவாரத் தோப்புகளுக்கும் வரும். மாங்காயும் புளியும் தின்னும். தோப்புக்காரருக்கு அது இழப்பு. காட்டுக்குள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களுக்கு எல்லைக்கோடுகள் வேறு பொருள் தந்தன. 2021 பிப்ரவரியில் இக்காடுகள் மேகமலையோடு இணைக்கப்பட்டு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயின. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்கு என்ன உரிமை தந்தது, காப்பகம் வந்தபின் அது எவ்வாறு நடைமுறையாகிறது என்பது குடிமையியல் வகுப்பில் கேட்கத்தக்க கேள்வி. அணிலைப் பற்றிய பாடத்தில் தோப்புக்காரரும் பளியரும் இல்லையென்றால் அது பாதிப் பாடமே.

அடுத்து நீர். தென்மேற்குப் பருவமழையின் மழைமறைவில் கிடக்கும் நிலம் இது. மலைமேல் பெய்வது ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களை நிரப்ப வேண்டும். மிச்சம் வைப்பாற்றுக்குப் போகும். இராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் வந்த கதையும், வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளின் கதையும் பாடத்துக்குரியவை. மேற்கே ஓடும் மலைநீரைக் கிழக்கே திருப்பும் அழகர் அணைத் திட்டம் உழவர்களின் நீண்டநாள் கோரிக்கை. காட்டுக்கு அதனால் என்ன ஆகும் என்பது மறுபக்கத்துக் கேள்வி. உழவர் வீட்டுப் பிள்ளையும் வனக்காவலர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதனை விவாதிக்க விட்டால், எந்தத் தேசிய நூலும் தராத கல்வி அங்கே நிகழும்.

மூன்றாவது, நாம் பெயர் எழுதாமல் விட்ட இடம். இராஜபாளையத்துக்கு அருகில் சத்திரப்பட்டிச் சுற்றுவட்டாரம் மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர் பெற்றது. பேண்டேஜ் என்று நாடெங்கும் மருத்துவமனைகளில் புண்மேல் சுற்றப்படும் துணி இங்குள்ள விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. தறியிலிருந்து இறங்கும் துணி உடனே மருத்துவத்துக்கு ஆகாது. பாவுக்கு ஏற்றிய கஞ்சியும், பருத்தியிலேயே உள்ள மெழுகும் போக வேண்டும். காரத்தில் வேகவைத்து, வெளுப்பு மருந்திட்டு, பலமுறை அலச வேண்டும். அப்போதுதான் அது நீரையும் குருதியையும் உறிஞ்சும். அத்தனை அலசலுக்கும் நீர் வேண்டும். அலசிய நீர் எங்கேனும் போக வேண்டும். அதனைச் சுத்திகரித்து வெளியேற்றச் செலவாகும். அச்செலவை யார் ஏற்பது என்பதில்தான் சூழல் பாடம் சமூகப் பாடமாகிறது. பெருமுதலுடைய ஆலைக்கு இயலுவது பத்துப் பேரை வைத்து நடத்தும் சலவைப் பட்டறைக்கு இயலுவதில்லை. துணியின் விலையை உயர்த்தலாமென்றால், அதனை வாங்குவது மலிவு விலை கோரும் மருத்துவமனை. அங்கே படுத்திருப்பவர் பெரும்பாலும் ஏழை.

திருப்பூரில் இக்கேள்வி எவ்வாறு முடிந்தது என்பது நாம் அறிந்ததே. நொய்யலாறும் அதன் பாசனநிலமும் கெட்டபின், உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. ஆறு தப்பியது என்று ஒரு சாரார் மகிழ்ந்த அதே வாரத்தில் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளப் பழக்குவதுதான் உயர்நிலைப் பள்ளிக் கல்வி செய்ய வேண்டிய வேலை. ஆலையைக் கறுப்பாகவும் ஆற்றை நீலமாகவும் வரையப் பழக்குவது எளிது. கறுப்பு ஆலைக்குள் தன் தந்தை நிற்கும்போது பிள்ளை என்ன வண்ணம் தீட்டும்? ஒன்று பொய் சொல்லும். அல்லது தந்தையை வெறுக்கும். அல்லது அந்த மாணவியைப் போலச் சாம்பல் தீட்டிவிட்டுப் பெயரெழுதாமல் நிற்கும். மூன்றனுள் அவர் செய்ததே நேர்மையானது என்று இப்போது உணர்கிறோம்.

*

இதற்கு மாற்று இருந்திருக்கிறதா? இருந்திருக்கிறது. இமயமலையடிவாரத்தில் அல்மோராவைச் சேர்ந்த உத்தராகண்ட் சேவா நிதி என்னும் அமைப்பு 1987 முதல் பள்ளிகளுக்கான சூழல் பாடம் ஒன்றை உருவாக்கி வளர்த்தது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கான அப்பயிற்சி நூல்களின் தலைப்பு, தமிழில் சொன்னால், நமது மண் நமது வாழ்வு. பிள்ளைகள் தம் வீட்டில் எரியும் விறகையும் மாட்டுக்கு இடும் தீவனத்தையும் நிறுத்துக் கணக்கிடுவர். ஊர்க்காடு அவ்வளவு தருமா என்று பார்ப்பர். அந்த விறகுச் சுமையைத் தூக்கி வருவது யார் என்பதும் கணக்கில் வரும். தாயின் முதுகு பாடநூலுக்குள் வந்தது என்று சொல்லலாம். தனி மாநிலம் அமைந்தபின் 2002இல் அரசே அதனை வழக்கமான பாடமாக ஏற்றது.

அங்கு விறகைக் குறை கூறித் தாயைக் குற்றவாளியாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டின் தேவையும் காட்டின் நிலையும் அளவிடப்பட்டன. அளவிடும் பிள்ளைக்கு யாரையும் பழிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. வீடு வெட்கப்பட வேண்டிய இடமாகவும் இருப்பதில்லை, பரம்பரையாக ஏற்க வேண்டிய விதியாகவும் இருப்பதில்லை, அறியத்தக்க இடமாகிறது. 1953இல் நாம் தவறவிட்ட வேறுபாடு அதுவே.

*

இனித் தமிழ் வகுப்பு. நம் துறையைப் பற்றிச் சொல்லாமல் பிறரை மட்டும் குறை கூறுதல் தகாது.

சூழல் என்றதும் தமிழாசிரியர்கள் ஐந்திணையைக் கையிலெடுத்து, எல்லாம் எம் முன்னோர் அறிந்ததே என்று முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது கேள்வியை அடைக்கும் பெருமிதம். ஆனால் அதே இலக்கியம் கேள்வியைத் திறக்கவும் வல்லது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நிற்பதே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. பாலை பிறப்பிலேயே பாலையன்று; ஆகிப்போனது. எது ஆக்கியது என்று கேட்கும் மாணவன் அங்கிருந்து கண்மாய்க்கு வந்துவிடுவான். திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் மாதம் மும்மாரியையும் நெற்பயிரூடே துள்ளும் கயலையும் பாடுகிறாள்; நான்காம் பாசுரத்தில் கடல்நீர் முகிலாகிக் கறுத்து இடித்துப் பொழிவதைப் பாடுகிறாள். மழைமறைவு நிலத்தில் மழையை அவ்வளவு துல்லியமாக வேண்டியது ஏன் என்பது பக்திக்கு மாறான கேள்வியன்று. மார்கழியில் கோயில் வாசலில் அதைப் பாடும் பிள்ளையிடம், அந்த வயல் இப்போது எங்கே, அந்தக் கயல் இப்போது எங்கே என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

2018இல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நூல் இவ்வகையில் ஒரு முன்னேற்றம். இயற்கையையும் சூழலியலையும் பொருளாகக் கொண்ட இயலில், நீரைப் பற்றிய உரைநடையோடு கந்தர்வனின் 'தண்ணீர்' சிறுகதையும் இடம்பெற்றுள்ளது. இரயில்பெட்டியில் ஏறித் தண்ணீர் பிடிக்கும் பெண்ணின் கதை அது. நீர்ப் பற்றாக்குறை என்னும் சொல்லுக்குள் ஒரு குடமும் ஒரு பெண்ணும் ஓர் ஊரின் பதைப்பும் இருக்கின்றன என்பதைக் கதை காட்டிவிடுகிறது. அறிவியலும் புவியியலும் குடிமையியலும் பிரித்து வைத்ததை ஒரு சிறுகதை சேர்த்துவிடுகிறது. அந்தப் பாடவேளையில் 'உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார்?' என்று கேட்டால் போதும்.

இராஜபாளையத்தின் கொ.மா. கோதண்டம் இக்காடுகளையும் இங்கு வாழும் மக்களையும் சிறுவர்களுக்காக எழுதியவர். குறிஞ்சிச் செல்வர் எனப் பெயர் பெற்றவர். 'காட்டுக்குள்ளே இசைவிழா' என்னும் நூலுக்காக 2012இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார். உள்ளூர்ப் பள்ளிகளின் நூலகங்களில் அவர் நூல்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் இருக்க வேண்டும். திருவில்லிபுத்தூரில் 1875இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் இன்றும் இயங்குகிறது. வட்டாரத்தின் ஓடைகளையும் கண்மாய்களையும் பிள்ளைகள் வரைந்து எழுதிய ஏடுகளை ஆண்டுதோறும் அங்கே சேர்த்துவைக்கலாமே என்று நமக்கு ஓர் ஆசை. இருபது ஆண்டுகள் கழித்து வருபவர் அந்த ஏடுகளை விரித்தால், எந்த ஓடை எந்த ஆண்டில் எங்கே நிறம் மாறிற்று என்பது தெரியும். அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை.

ஆசிரியருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கப் பழக்கும் ஆசிரியரிடம் மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து நிற்பர். பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தந்தவரின் பட்டறையாகவும் அது இருக்கலாம். ஆகவே குற்றம் சுமத்தும் பாடமாக இதனைத் தொடங்கலாகாது. அளவிடும் பாடமாகத் தொடங்கலாம். ஓடைநீரின் காரத்தன்மையை அளக்கும் தாள் விலை மிகுந்ததன்று. ஒரு கட்டுத்துணிச் சுருளுக்கு எத்தனைக் குடம் நீர் செலவாகிறது என்பதை வேலை செய்பவரே அறிவார். அவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்கலாம். தொழிலைத் தெரிந்தவர் என்னும் மதிப்போடு அவர் வகுப்பறைக்குள் வரட்டும். தீர்வு காண்பதில் அவருக்கும் பங்குண்டு. கழிவுநீரில் முதலில் நனைவன அவருடைய கால்களே.

அந்த மாணவியின் பெயரை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று அவர் கல்லூரி முடித்திருக்கக்கூடும். ஓசோன் படலத்தைப் பற்றிய வினாவுக்கு நன்றாகவே விடை எழுதியிருப்பார். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'இது என்ன?' என்பதன்று. 'அப்பா அங்கே என்ன வேலை செய்கிறார், சொல்லம்மா' என்று கேட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருக்க வேண்டும். அவர் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறோம். ஓடையின் ஒவ்வொரு மரத்துக்கும் பெயரெழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு பெயர் தெரியாமல் இருந்திருக்காது.